ஒரு தாளில் இரண்டு புல்

செப்டம்பர் 6

அண்ணிக்கு,

நாலு வருஷம் கழித்து எழுதுகிறேன். போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் உங்கள் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "சாப்பிட்டீங்களா" என்று கேட்டு வைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் கடிதம்.

அண்ணனின் புல்லைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

சாலை அலுவலகத்திலிருந்து, செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் எங்கள் உலர்தாவரக் கூடத்துக்கு, ஒரு கேள்வி வந்திருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவை வெட்டிச் சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். வேறெங்கும் இல்லாத ஒரு புல் அங்கே இருப்பதாகப் பலகை நிற்கிறதே, அது உண்மையில் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அக்டோபர் முடிவதற்குள் பதில் போக வேண்டும். புற்கள் இருக்கும் அலமாரிகள் என் பொறுப்பு. பதிலும் நான்தான் எழுத வேண்டும்.

அந்தப் புல்லுக்கு உலகத்தில் இருப்பது ஒரே ஒரு தாள். இருபத்தொரு வருஷத்துக்கு முன் அண்ணன் கொண்டுவந்தது. அதற்கப்புறம் இன்னொன்று யாருக்கும் கிடைக்கவில்லை. அதை எடுத்து மேசையில் வைத்தேன். மதியம், கூடத்தில் யாரும் இல்லை. காய்ந்த கதிரைப் பார்க்கும்போது அதன் மேல் ஒரு சொட்டு வெந்நீர் விடுவோம். இத்தனை வருஷம் முறுக்கிக் கிடந்த கதிரின் மீசை, ஈரம் பட்டதும், தூங்குகிறவர் புரண்டு படுப்பதுபோல மெல்லச் சுழலும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த அறையில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும். அன்றும் மறந்துவிட்டேன். நீர் தண்டு வழியாக இறங்கி, தண்டைத் தாளோடு சேர்த்து ஒட்டியிருந்த காகிதப் பட்டியை நனைத்து, பசை விட்டு, பட்டி எழுந்துகொண்டது.

அடியில் நூல் இருந்தது. கரும்பச்சைத் தையல் நூல், இரண்டு சுற்று. கதிரின் காம்பை வேறொரு தண்டின் இலையுறைக்குள் செருகிச் சுற்றியிருந்தார்கள்.

அண்ணி, புற்களில் அக்கா தங்கைகள் உண்டு. தள்ளி நின்று பார்த்தால் பிரிக்க முடியாது. கணுவில் பூனைமயிர் இருக்கிறதா, மழமழவென்று இருக்கிறதா. கதிரில் மீசை உண்டா, இல்லையா. இப்படி ஒரு நகக்கண் அளவு இடத்தில்தான் அவை வேறாகின்றன. அண்ணனின் புல்லுக்கு மயிர்க்கணுவும் இருந்தது, மீசைக் கதிரும் இருந்தது. இரண்டும் சேர்ந்த புல் வேறெங்கும் இல்லை என்பதால்தான் அது புதுப் புல் ஆயிற்று. இப்போது தெரிகிறது: மேலே ஒருத்தி, கீழே இன்னொருத்தி. இரண்டும் ஊரெல்லாம் கிடக்கிற சாதாரணப் புற்கள்.

உங்களைக் கேட்கிறேன், ஏனென்றால் வேறு யாரையும் கேட்க முடியாது. அண்ணன் இதைத் தெரிந்தே செய்தானா?

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 14

பூதத்துக்கு,

பூதக்கண்ணாடியும் கையுமாக அலைகிறாய் என்று உன் அண்ணன் வைத்த பெயர். நீ "நாத்தனார்" என்று கையெழுத்துப் போட்டால் நான் அப்படியே கூப்பிட்டுவிடுவேனா?

நாலு வருஷத்தில் நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி கேட்கவில்லை. நூல் என்ன நிறம், எத்தனை சுற்று என்று எழுதுகிறாய். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். பள்ளிச் சீருடை எண்பது சட்டை ஒப்புக்கொண்டிருக்கிறேன். தையல் மிஷினின் மிதிபலகையில் ஒரு கட்டை தளர்ந்து, ஒவ்வொரு மிதிக்கும் கிணற்றுத் தவளை மாதிரி கத்துகிறது. போதுமா?

அவர் போன மூன்றாம் நாள் இந்த வீட்டு வாசலில் நின்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "அவனை இந்த மேட்டுல கட்டிப் போட்டது நீங்கதான் அண்ணி. காலேஜ் வேலையை விட்டுட்டு, இல்லாத புல்லைத் தேடித் தேடியே போயிட்டான்." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

இப்போது அவர் திருடனா என்று கேட்கிறாய். உடன்பிறந்தவள் கேட்கிற கேள்வியா இது? ஒரு கதிருக்கும் இன்னொரு கதிருக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிற கண்ணுக்கு, கூடப் பிறந்தவனைத் தெரியவில்லை.

புல் இருக்கிறது என்று எழுதிப் போடு. அந்தச் சரிவில் காலையில் வெயில் ஏறும்போது நான் காபி டம்ளரோடு நிற்கிறேன். எனக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு வேளைதான். அதில் ரோலர் ஓட்டாதே.

அண்ணி


செப்டம்பர் 25

அண்ணி,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

வாசலில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க நாலு வருஷமாக ஒரு வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை. தவறு என் பேரில். இதற்கு மேல் அழகாகச் சொல்ல வரவில்லை.

ஆனால் "இருக்கிறது" என்று எழுத என் கை வரவில்லை. இதைச் சொல்லும்போதே வெட்கமாகவும் இருக்கிறது. ஏனென்றால் அந்தக் காகிதப் பட்டியை ஒட்டியது நான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது. தண்டு எந்த இடத்தில் பலவீனமாகத் தெரிகிறதோ அங்கே பட்டி ஒட்டு என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அங்கே ஒரு புடைப்பு இருந்தது. அது ஏன் புடைத்திருக்கிறது என்று பூதம் பார்க்கவில்லை. அண்ணன் கொண்டுவந்த புல் என்ற பூரிப்பில், பசையைத் தடவி அழுத்திவிட்டேன். சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்தே இருக்கிறது.

ஒரு கனவு வருகிறது. அலமாரிக் கதவைத் திறக்கிறேன். உள்ளே தாள்கள் இல்லை, சரிவு இருக்கிறது. காற்று அடிக்கிறது, எல்லாக் கதிரும் ஒரே பக்கம் சாய்கின்றன. அண்ணன் நடுவில் குனிந்து தேடிக்கொண்டிருக்கிறான். முதுகு மட்டும்தான் தெரிகிறது. "கிடைச்சுதா?" என்று கேட்கிறேன். "இரு, இரு, வெயில் மாறட்டும்" என்கிறான். விழித்த பிறகும் கொஞ்ச நேரம் அறை முழுக்கக் காய்ந்த புல் வாசனை.

அவன் ஏமாற்றியிருந்தால் பதினேழு வருஷம் ஏன் தேடினான்? தேடியது நடிப்பென்றால் அப்படி ஒரு நடிப்பை யார் பார்ப்பதற்காக? என்னால் கணக்குப் போட முடியவில்லை. உங்கள் நூல் பெட்டியிலிருந்து அவன்தான் எடுத்திருக்க வேண்டும் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. இருக்கவே இருக்காது என்று அடுத்த நேரம்.

எப்போதாவது ஏதாவது சொன்னானா, அண்ணி?

பூதம்


அக்டோபர் 5

பூதம்,

நூல் என்னுடையது. சுற்றியதும் நான். உன் அண்ணனுக்கு அதில் பங்கில்லை.

இந்த இரண்டு வரியை எழுதிவிட்டு எழுந்து போய் நாலு சட்டைக்குக் காலர் வைத்துவிட்டு வந்தேன். இப்போது மிச்சத்தை எழுதுகிறேன்.

அந்தப் புல்லை எடுத்த அன்றைக்கு அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. பிடுங்கிய புல்லையெல்லாம் என்னிடம் கொடுத்து, "மடிப்பு விழாம கொண்டு வா"ன்னார். எனக்கு அப்போது புல் என்றால் புல், அவ்வளவுதான். மாடு தின்பது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் முகம் வாடினால் எனக்குச் சோறு இறங்காத காலம்.

ஒரு பாறையில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு தூரில் கதிர் ஒடிந்து எங்கேயோ விழுந்துவிட்டது. தேடினேன், காணவில்லை. அவர் மேலிருந்து "என்ன பண்றே, நனைஞ்சுடப் போறே" என்று கூப்பிடுகிறார். காலடியில் அதே மாதிரி கதிர் நூறு ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றைக் கிள்ளினேன். தண்டின் உறை சட்டைக் கை மாதிரி வாய் திறந்துகொண்டு நின்றது. உள்ளே செருகினால் கச்சிதமாகப் போயிற்று. விழுந்துவிடாமல் இருக்க இடுப்பில் எப்போதும் வைத்திருக்கும் ஊசி உறையிலிருந்து நூல் எடுத்து இரண்டு சுற்று. பச்சையில் பச்சை தெரியாது. தையற்காரி கை, பூதம். ஒட்டுப் போட்டால் ஒட்டு தெரியக்கூடாது என்று பழகின கை.

வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நானே செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தினேன். ஒரு வாரம் கழித்துப் பிரித்துப் பார்த்தவர், உட்கார்ந்த இடத்திலேயே எழுந்து நின்றுவிட்டார். "இதைப் பாத்தியா? இது புத்தகத்துல இல்ல. இது எதுலயும் இல்ல." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில், "அது ஒடிஞ்சு போச்சுங்க, நான் வேற வச்சேன்" என்று சொல்ல வேண்டியவள் நான். எல்லாம் ஒரே புல்தானே, இதில் என்ன வந்துவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு உறைத்தது மூன்று வருஷம் கழித்து. அவரோடு தினமும் போய்ப் போய் எனக்கே கண் வந்துவிட்டது. கணுவில் மயிர் உள்ளதற்குப் பூனைக்கால் என்று பெயர் வைத்தேன். மீசை பாதியில் மடங்கி நிற்பதற்கு முழங்கால் என்று பெயர். ஒரு நாள் காலையில் ஒரு கையில் அது, ஒரு கையில் இது. வெயில் பின்னாலிருந்து அடிக்கிறது. அப்போதுதான் நான் எதை எதோடு சேர்த்தேன் என்று புரிந்தது. காலுக்குக் கீழே சரிவே நழுவின மாதிரி இருந்தது. அதற்குள் பலகை வைத்தாகிவிட்டது. அவர் வேலையை விட்டுவிட்டு வந்தாகிவிட்டது.

இரண்டு தடவை சொல்ல வாய் எடுத்தேன். இரண்டு தடவையும் வேறு ஏதோ சொன்னேன். அதற்கப்புறம் ஒவ்வொரு பூக்காலத்திலும் அவர் பக்கத்தில் குனிந்து நானும் தேடினேன். இல்லை என்று தெரிந்த ஒன்றை. "அந்தப் பக்கம் பாத்தீங்களா" என்றுகூடக் கேட்டிருக்கிறேன். என்ன மனுஷி நான்.

நீ வாசலில் சொன்னது தப்பில்லை. கட்டிப் போட்டது நான்தான். இரண்டு சுற்று.

அண்ணி


அக்டோபர் 12

அண்ணி,

மூன்று நாள் உங்கள் கடிதம் என் கைப்பையிலேயே இருந்தது. நேற்று மதியம் கூடத்தில் தனியாக உட்கார்ந்து, பட்டியை மறுபடி அந்த நூலின் மேல் ஒட்டிவிட்டேன். தாளை அலமாரியில் வைத்துப் பூட்டியும் விட்டேன். என் கை என்ன செய்கிறது என்று நானே பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல இருந்தது.

இருக்கிறது என்றே எழுதிவிடுகிறேன். பார்த்தது நான் ஒருத்திதான். இன்னும் ஐம்பது வருஷத்துக்கு அந்தக் கதவை யாரும் திறக்கப் போவதில்லை. அண்ணனின் புல் இருக்கட்டும், உங்கள் சரிவும் இருக்கட்டும். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பெண், பாறையில் உட்கார்ந்து ஒடிந்துபோன ஒன்றைச் சரிசெய்யப் பார்த்தாள். அதற்கு இத்தனை தண்டனை எதற்கு?

நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

பூதம்


அக்டோபர் 17

பூதம்,

சரி இல்லை.

ஐம்பது வருஷம் கழித்துத் திறப்பார்கள் என்று நீயே சொல்கிறாய். உன்னை மாதிரி இன்னொரு பூதம் வரும், இன்னொரு சொட்டு வெந்நீர் விடும். பட்டி எழுந்துகொள்ளும். அப்போது நீயும் இருக்க மாட்டாய், நானும் இருக்க மாட்டேன். தாளில் அவர் பெயர் மட்டும் இருக்கும். கூடப் பிறந்த உனக்கே அவர் மேல் சந்தேகம் வந்ததே, முன்பின் தெரியாதவருக்கு என்ன வரும்? திருடன் என்று ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

உன் முதல் கடிதம் வந்த அன்று எனக்குச் சரிவு போய்விடுமே என்றுதான் இருந்தது. இப்போது அது இரண்டாவதாகப் போய்விட்டது. உன்னிடம் எழுதிக் கொட்டின பிறகுதான் போயிற்று.

உனக்குச் சொல்லாத ஒன்று இன்னும் இருக்கிறது. அவர் போவதற்கு முந்தைய வருஷம். நான் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து வந்தவர் மிஷின் பலகையின் மேல் இரண்டு புல்லை வைத்தார். ஒன்று பூனைக்கால், ஒன்று முழங்கால். பக்கம் பக்கமாக, தலையும் காலும் சமமாக நேராக்கி வைத்தார். "ரெண்டையும் சேத்துத் தச்சா நம்ம புல்லு" என்றார். சிரித்தார். என் தலையில் ஒட்டியிருந்த நூல் துணுக்கை எடுத்துப் போட்டுவிட்டுக் கைகழுவப் போய்விட்டார்.

நான் மிஷினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏதாவது பேச வேண்டிவரும். துணி தீர்ந்த பிறகும் வெறுமே மிதித்துக்கொண்டிருந்தேன்.

தெரிந்து சொன்னாரா, தேடிச் சலித்த மனுஷன் தமாஷாகச் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியவும் போவதில்லை. அடுத்த வருஷமும் பூக்காலத்தில், "கிளம்பலாமா"ன்னுதான் கேட்டார்.

அதனால் நீ எழுது. உள்ளது உள்ளபடி எழுது. யார் ஒடித்தது, யார் கட்டியது என்று எழுது. சரிவு போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு மனசில்லை. வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் அவர் பெயரில் ஒரு கறை காத்துக்கொண்டிருக்க, நான் அங்கே நின்று எப்படிக் காபி குடிப்பேன்?

பட்டியைப் பிரி.

அண்ணி


அக்டோபர் 30

அண்ணி,

பிரித்துவிட்டேன். பதிலும் நேற்றுப் போய்விட்டது.

எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. தாளில் தவறு இருந்தால் பழைய குறிப்புச் சீட்டைக் கிழிக்க மாட்டோம், அடிக்கவும் மாட்டோம். அதற்குக் கீழே புதுச் சீட்டு ஒட்டுவோம். முதலில் என்ன நினைத்தார்கள், பிறகு என்ன தெரிந்தது என்று இரண்டும் அதே தாளில் இருக்கும். அண்ணனின் கையெழுத்து அப்படியே இருக்கிறது. சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. கீழே ஒட்டியதை உங்களுக்குப் படியெடுத்து எழுதுகிறேன்:

"இத்தாளில் இருப்பவை இரண்டு புற்கள். மலையிலிருந்து கொண்டுவரும் வழியில் ஒரு கதிர் ஒடிந்தது. சேகரித்தவருடன் சென்ற அவருடைய மனைவி, இரண்டும் ஒன்றே என்று எண்ணி, அருகிலிருந்த கதிரை வைத்துக் கட்டினார். சேகரித்தவர் அப்போது இதை அறியார். இணைப்பைக் கவனிக்காமல் மறைத்து ஒட்டியது நான். இப்படி ஒரு தனிப் புல் இல்லை. இரண்டு புற்களையும் முதலில் பிரித்தறிந்தவரும், நடந்ததை எனக்குத் தெரிவித்தவரும், கட்டிய அதே மனைவி."

கடைசி வரியை எழுத வேண்டிய அவசியம் இல்லை என்று இங்கே ஒருவர் சொன்னார். மூன்றாவது வருஷத்திலேயே உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிய இருபத்தொரு வருஷம் ஆயிற்று. இருக்கட்டும் என்றேன்.

நூலை அவிழ்க்கவில்லை. அது இனிமேல் அந்தத் தாளின் பகுதி.

சாலைக்காரர்களுக்கு எழுதிய பதிலில், அந்தப் புல் இல்லை என்றேன். அந்தச் சரிவில் வேறு என்னென்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை, ஏனென்றால் அங்கே போன எல்லாரும் ஒன்றைத் தேடித்தான் போனார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். அதனால் எதுவும் மாறும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

அண்ணனுக்குத் தெரிந்திருக்குமோ என்று நானும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு நாள் தெரிந்திருக்கும் என்று படுகிறது, ஒரு நாள் இல்லை என்று. இரண்டு நாளும் அவன் மேல் பிரியம்தான் வருகிறது.

பூதம்


நவம்பர் 19

பூதம்,

பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நின்ற இடத்தில் இரண்டு குழி. மழைத் தண்ணீர் தேங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம்.

அளக்கிறவர் ஒருத்தர் வந்தார். நல்ல மனுஷன், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். "எதும்மா அந்தப் புல்லு? நானும் ரெண்டு வருஷமா இந்தப் பக்கம் போறப்பல்லாம் பாக்கணும்னு நெனைப்பேன்" என்றார். "அது இங்க இல்லைங்க. ஆனா மத்ததெல்லாம் இருக்கு" என்றேன். பூனைக்காலின் கணுவை இரண்டு விரலால் உருட்டிப் பார்க்கச் சொன்னேன். முழங்காலின் மீசையை நாக்கில் தொட்டு ஈரமாக்கி உள்ளங்கையில் வைத்தேன். அது திரும்பியதும் கையை உதறிவிட்டார். "உசுரு இருக்கா?" என்கிறார். ஒரு மணி நேரம் அளவுநாடா சும்மா கிடந்தது.

ஆனாலும் அளந்துவிட்டுத்தான் போனார். அது அவர் வேலை. கீழ்ப் பாதி போகிறது. பாறைக்கு மேலே அவர்களுக்குச் செங்குத்து அதிகம், அதைத் தொட மாட்டார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். டிசம்பர் பத்தாம் தேதி இயந்திரம் வரும்.

அளக்கிறவர் போன பிறகு நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பனி மேலே ஏறிக்கொண்டிருந்தது. இருபது வருஷத்தில் அந்தச் சரிவில் எதையும் தேடாமல் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. எவ்வளவு இருக்கிறது தெரியுமா, பூதம்? நான் பெயர் வைக்காதவையே ஏழெட்டு இருக்கும். எல்லாம் என் முழங்கை உயரத்தில் அசைந்துகொண்டு, ஒன்று மாதிரி ஒன்று இருந்துகொண்டு, ஒன்றும் ஒன்றில்லாமல். எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. பனி கலைந்தபோது மடியெல்லாம் நனைந்திருந்தது.

கீழே இருப்பதில் வகைக்குப் பத்துத் தூராவது எடுத்து மேலே நட்டுவிடலாம் என்று இருக்கிறேன். தூர் தூராக, வேரோடு, கதிரோடு. தனியாகச் செய்து பார்த்தேன், வரவில்லை. தோண்டும்போது மேலே தாங்கிப் பிடிக்க ஒரு கை வேண்டியிருக்கிறது.

பத்தாம் தேதிக்கு முன்னால் வா. லீவு போட்டுவிட்டு வா, பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. நான் தோண்டுகிறேன். நீ பிடி.

அண்ணி